உயிரி இடர்த் துப்புரவுப் பயிற்சி

உயிரி இடர்த் துப்புரவு என்பது இரத்தம், உடல் திரவங்கள், சிதைந்த உடற்பகுதிகள் முதலியவற்றால் மாசுபட்ட இடத்தை, நோய் பரவாதபடி தூய்மை செய்து மீண்டும் மக்கள் புழங்கத்தக்கதாக ஆக்கும் பணியாகும். கொலை, தற்கொலை, விபத்து நிகழ்ந்த இடங்களில் செய்யப்படும்போது இது குற்றக்களத் துப்புரவு எனப்படுகிறது. தனியே வாழ்ந்தவர் இறந்து பல நாள்கள் கழித்துக் கண்டறியப்படும் வீடு, தொழிற்சாலை விபத்து நடந்த தளம், தொற்றுநோயாளி தங்கியிருந்த அறை ஆகியவையும் இப்பணியின் எல்லைக்குள் வருகின்றன.

அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் இது தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் இப்பணிக்கெனத் தனிச் சட்டமோ உரிமமோ கிடையாது. ஆனால் இதற்குத் தேவையான அறிவின் பெரும்பகுதி மருத்துவக் கழிவு மேலாண்மை, தடய அறிவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளில் ஏற்கெனவே உள்ளது. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பணியைக் கற்க விரும்புபவர் எவற்றை எங்கிருந்து கற்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிற நாடுகளில் வளர்ச்சி

அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு நிருவாகம் 1991ஆம் ஆண்டு இரத்தவழிக் கிருமிகள் தொடர்பான விதியை வெளியிட்டது. இரத்தத்தைத் தொட நேரும் ஒவ்வொரு பணியாளருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைக் கட்டணமின்றி வழங்க வேண்டும், பாதுகாப்புக் கவசங்களை முதலாளியே தர வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். கலிபோர்னியா மாநிலத்தில் இத்தகைய துப்புரவைச் செய்வோர் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜப்பானில் முதியோர் தனிமையில் இறப்பது பெருகியதால் 'சிறப்புத் துப்புரவு' என்ற பெயரிலேயே நிறுவனங்கள் இயங்குகின்றன.

இந்நாடுகளில் காவல்துறை விசாரணை செய்யும், தடயங்களை எடுக்கும். வீட்டைக் கழுவித் தருவது அதன் கடமையன்று. அந்தப் பொறுப்பு வீட்டு உரிமையாளரிடமோ குடும்பத்தாரிடமோ வந்து சேர்கிறது. இந்தியாவிலும் நிலை இதுவே. அங்கே அப்பொறுப்பை ஏற்கப் பயிற்சி பெற்ற ஆள் கிடைக்கிறார். இங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை.

மேற்குச் சென்னைப் புறநகரின் நிலை

அம்பத்தூர் 2011ஆம் ஆண்டு பெருநகர சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு அதன் 7ஆம் மண்டலமாக உள்ளது. ஆவடி 2019ஆம் ஆண்டு தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சியாக உள்ளது. அடுத்தடுத்து அமைந்த இவ்வூர்களில் தூய்மைப் பணி மூன்று வெவ்வேறு உள்ளாட்சி அமைப்புகளின் கீழ் வருகிறது. இப்பகுதியின் காவல் பணிக்காக ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் 2022 சனவரியில் செயற்படத் தொடங்கியது.

பொதுச் சுகாதாரக் கல்விக்கு இப்பகுதி புதியதன்று. ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனமும் 1999ஆம் ஆண்டு இணைக்கப்பட்டுத் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்நிறுவனம் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அமைந்துள்ளது. பூந்தமல்லியில் அரசின் பொதுச் சுகாதார நிறுவனம் உள்ளது. சுகாதாரத் துறைப் பணியாளர்கள் அங்குப் பயிற்சி பெறுகின்றனர்.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைக் கற்பிக்கும் நிறுவனங்கள் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு வீட்டில் அசம்பாவிதம் நடந்தபின் தரையைக் கழுவுபவர் குடும்பத்தில் ஒருவராகவோ, தெருவில் பணிபுரியும் தூய்மைப் பணியாளராகவோ, கூலிக்கு அழைத்துவரப்பட்டவராகவோதான் இருக்கிறார். அவர் கையில் இருப்பது துடைப்பமும் பினாயிலும் மட்டுமே. இறந்தோர் தொடர்பான வேலைகளைச் சில சமூகத்தினர் மீதே சுமத்திவந்த பழக்கமும், இதைக் கற்றுச் செய்ய வேண்டிய திறன்பணியாகக் கருதாமல் விட்டதற்கு ஒரு காரணமாகும்.

பணியை எப்போது தொடங்கலாம்

பயிற்சியின் முதல் பாடம், எப்போது தொடக்கூடாது என்பதாகும். இயற்கைக்கு மாறான மரணம் நிகழ்ந்தால் காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி விசாரணை நடத்துகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் வந்து தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை கால அவகாசம் தரப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறை 1849ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட வேதியியல் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து வளர்ந்தது. இரத்தத் துளி தெறித்துள்ள திசை, சுவரில் அதன் உயரம், உலர்ந்த அளவு ஆகியவை அத்துறையினருக்குச் சான்றுகள். ஒரு வாளித் தண்ணீர் அவற்றை அழித்துவிடும். வேண்டுமென்றே சான்றை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்படி குற்றமாகும். அறியாமல் கழுவியவருக்கும் விசாரணையின்போது விளக்கம் தரும் நிலை ஏற்படலாம்.

எனவே விசாரணை அலுவலர் அவ்விடத்தை விடுவித்துவிட்டார் என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். அதை எழுத்தில் பெறுவது நல்லது. தொடங்கும் முன் அறையின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்து வைப்பதும், துப்புரவின்போது நகை, பணம், கடிதம், கைப்பேசி, ஆயுதம் போன்றவை கிடைத்தால் அவற்றைத் தொடாமல் காவல் நிலையத்திற்குத் தெரிவிப்பதும் பயிற்சியின் பகுதிகளாகும்.

பயிற்சியின் பாடங்கள்

1. நோய்த்தொற்றைப் புரிந்துகொள்ளல்

இரத்தத்தின் வழியே பரவும் கிருமிகளுள் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவற்றுள் எச்.ஐ.வி.க்கே மக்கள் மிகவும் அஞ்சுகின்றனர். ஆனால் அக்கிருமியுள்ள இரத்தம் படிந்த ஊசி குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு வரை. மேலும் உலர்ந்த இரத்தக் கறையில் ஹெபடைட்டிஸ் பி தீநுண்மி குறைந்தது ஏழு நாள்கள் உயிர்ப்புடன் இருக்கும். காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்று வெறுங்கையால் சுரண்டுவது இதனால்தான் ஆபத்தானது.

ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் அடுத்த ஊசிகள் போடப்படுகின்றன. எனவே பயிற்சியில் சேரும் நாளிலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வது முறை. இரணசன்னி (டெட்டனசு) தடுப்பூசியும் தேவை. ஹெபடைட்டிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. பாதுகாப்புக் கவசமே காப்பு.

ஊசியோ உடைந்த கண்ணாடியோ கையில் குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்கக்கூடாது. ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு பயன். அதை 28 நாள்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும்.

அழுகும் உடலின் துர்நாற்றமே நோயைப் பரப்பும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. நாற்றம் குமட்டலையும் தலைவலியையும் தரலாம். தொற்றை உண்டாக்குவது உடல் திரவங்கள் காயத்திலோ கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலோ படுவதுதான்.

2. கவசம் அணிதலும் கழற்றலும்

நீர் ஊடுருவாத மேலங்கி, முகக்கவசம், கண்காப்புக் கண்ணாடி, முழங்கால் வரையிலான இரப்பர் காலணி, இரண்டு அடுக்குக் கையுறை ஆகியவை அடிப்படைத் தேவைகள். மேலங்கி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை என்ற வரிசையில் அணிய வேண்டும். கழற்றும்போது மிகவும் மாசுபட்ட கையுறையை முதலில் கழற்றி, பின் கண்ணாடி, மேலங்கி ஆகியவற்றைக் கழற்றி, அறைக்கு வெளியே வந்தபின் இறுதியாக முகக்கவசத்தை எடுக்க வேண்டும். பின் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

அணிவதைவிடக் கழற்றுவதே கடினமான பாடம். வேலை முடிந்த அசதியில், வியர்த்த முகத்தைக் கையுறையோடு துடைத்துக்கொள்ளும் ஒரு நொடியில் முழுக் கவசமும் பயனற்றுப் போகும். பயிற்சியில் கையுறையில் சாயத்தைத் தடவிக்கொண்டு, அது உடலில் படாமல் கழற்றிப் பழகும் முறை உண்டு. எங்கே தவறினோம் என்பதைச் சாயமே காட்டிவிடும்.

சென்னையில் வெப்பமும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். மே மாதத்தில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்களில் மூடிய கவசத்துடன் நெடுநேரம் வேலை செய்தால் மயக்கம் வரும். இருவர் இருவராகப் பிரிந்து முறை மாற்றி வேலை செய்வதும், ஒருவர் எப்போதும் வெளியே நின்று கவனிப்பதும் தேவை.

3. முதலில் அகற்றல், பின்பு கழுவல், அதன்பின் கிருமிநீக்கம்

இப்பணியின் அடிப்படை விதி இதுவே. கிருமிகளைக் கொல்வதற்கு மருத்துவமனைகளில் பெரும்பாலும் சோடியம் ஐப்போகுளோரைட்டு கரைசல் பயன்படுகிறது. அதிலுள்ள குளோரின் இரத்தம், அழுக்கு போன்ற கரிமப் பொருளுடன் சேர்ந்தால் தன் ஆற்றலை அதிலேயே செலவிட்டுவிடும். தேங்கிய இரத்தத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுச் செல்வது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அடியில் கிருமி அப்படியே இருக்கலாம்.

முறையான வரிசை பின்வருமாறு:

முதலில் கண்ணாடித் துண்டு, பிளேடு, ஊசி போன்ற கூரிய பொருள்களை இடுக்கியால் எடுத்துத் துளைபடாத கலனில் போட வேண்டும். கையால் எடுக்கக் கூடாது.

தேங்கியுள்ள திரவத்தின் மேல் உறிஞ்சும் துணியையோ தாளையோ விரித்து, அதன் மேல் 1 விழுக்காடு ஐப்போகுளோரைட்டு கரைசலை ஊற்றிச் சற்று நேரம் விட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திரட்டி எடுக்க வேண்டும். இது எடுப்பவரின் பாதுகாப்புக்காகச் செய்யப்படுவது. இத்துடன் கிருமிநீக்கம் முடிந்துவிடாது.

பின்பு சோப்புக் கரைசலால் தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேகமாக நீரைப் பீய்ச்சினால் துளிகள் தெறிக்கும். அதைத் தவிர்க்க வேண்டும்.

தூய்மையான பரப்பின் மேல் மீண்டும் கரைசலை இட்டு, குறைந்தது 10 நிமிடமாவது ஈரமாக இருக்கவிட்டு, அதன்பின் நல்ல நீரால் துடைக்க வேண்டும்.

கரைசல் தயாரிக்கும் கணக்கு எளிது. கடையில் கிடைக்கும் 5 விழுக்காடு கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்தால் 1 விழுக்காடு ஆகும். 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரானால் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 33 கிராம் தேவை. வெயிலிலும் நாள்படவும் குளோரின் குறைந்துவிடுவதால் அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும்.

இக்கரைசலை ஒருபோதும் கழிவறை ஆசிட்டுடன் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களுடனும் சேர்க்கக்கூடாது.

4. எதைக் காப்பது, எதை அகற்றுவது

ஓட்டுத்தரை, கண்ணாடி, எவர்சில்வர் போன்ற உறிஞ்சாத பரப்புகளைக் கிருமிநீக்கம் செய்துவிடலாம். இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கயிற்றுக் கட்டில், பாய், பிளைவுட் பலகை போன்றவை திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே துடைப்பதால் பயனில்லை. தரை ஓடுகளின் இடுக்குகளிலும், வெடிப்பு விழுந்த சிமென்ட் தரையிலும் திரவம் இறங்கியிருந்தால் அப்பகுதியைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டி வரலாம்.

அகற்ற வேண்டிய பொருளுள் இறந்தவரின் புடவை, ஒளிப்படம், பள்ளிச் சான்றிதழ் போன்றவை இருக்கக்கூடும். குடும்பத்தாரைக் கேட்காமல் எதையும் வீசக்கூடாது என்பதும் பயிற்சியின் விதி. கறைபடாத பொருள்களைத் தனியே துடைத்து, பட்டியலிட்டு ஒப்படைக்க வேண்டும்.

5. கழிவை ஒப்படைத்தல்

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியாயின. அவற்றின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சு, துணி, மெத்தை ஆகியவை மஞ்சள் பையிலும், கையுறை, குழாய் போன்ற நெகிழிப் பொருள்கள் சிவப்புப் பையிலும், ஊசி, பிளேடு ஆகியவை துளைபடாத வெள்ளைக் கலனிலும், கண்ணாடிப் பொருள்கள் நீலக் கலனிலும் சேர்க்கப்பட வேண்டும். கழிவை 48 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கக்கூடாது. செங்கல்பட்டு மாவட்டம் தென்மேல்பாக்கத்தில் உள்ளதைப் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் மஞ்சள் பைக் கழிவு எரிக்கப்படுகிறது.

இவ்விதிகள் மருத்துவமனை, ஆய்வகம், இரத்த வங்கி, தடயவியல் ஆய்வகம் போன்ற இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மரணம் நிகழ்ந்த வீடு அப்பட்டியலில் இல்லை. மருத்துவமனையில் இரத்தம் தோய்ந்த மெத்தை மஞ்சள் பைக்குள் போகிறது. அதே மெத்தை வீட்டில் இருந்தால் தெருமுனைக் குப்பைத் தொட்டியருகே போய்ச் சேர்கிறது. அங்கே அதை வெறுங்கையால் புரட்டுபவர் தூய்மைப் பணியாளரோ பழைய பொருள் பொறுக்குபவரோ ஆவார். எனவே பணியை ஏற்பவர், கழிவைப் பெற்றுக்கொள்ளும் சுத்திகரிப்பு நிலையத்துடனும் உள்ளாட்சியின் சுகாதார அலுவலருடனும் முன்கூட்டியே பேசி வழிசெய்துகொள்ள வேண்டும்.

6. மூடிய இடங்கள்

உடல் கிடந்த இடம் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடி நீர்த்தொட்டி எனில் உள்ளே இறங்கக்கூடாது. ஐதரசன் சல்பைடு வாயு சில மூச்சுகளிலேயே உயிரைப் பறிக்கும். கழிவுநீர்த் தொட்டிகளில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையை அழைப்பதே சரியான வழி.

7. மனநலம்

இப்பணியை விட்டு விலகுவோர் பலர் நாற்றத்தாலோ அருவருப்பாலோ விலகுவதில்லை. குழந்தையின் செருப்பு, பாதி உண்ட உணவு, சுவரில் குறித்த தேதி போன்ற சிறு பொருள்கள் மனத்தில் தங்கிவிடுகின்றன. உறக்கமின்மை, எரிச்சல், மதுப்பழக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். வேலை முடிந்தபின் குழுவாக அமர்ந்து பேசுவதும், தேவையானபோது உதவி நாடுவதும் பயிற்சியில் கற்பிக்கப்பட வேண்டியவை. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். துயருற்ற குடும்பத்தாருக்கும் இவ்வெண் பயன்படும்.

பயிற்சி பெறும் வழிகள்

இத்தொழிலின் பெயரில் படிப்பு இல்லாததால் அதைப் பகுதி பகுதியாகவே சேர்க்க வேண்டும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மருத்துவக் கழிவு மேலாண்மையில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை அஞ்சல்வழியில் உருவாக்கியுள்ளது. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பிரிவுகளுள் சுகாதாரத் துப்புரவு ஆய்வாளர் என்ற ஓராண்டுப் பிரிவு உண்டு. மருத்துவமனைகளில் பணிக்குச் சேருபவருக்குத் தொடக்கத்திலும் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் கழிவு கையாளும் பயிற்சி தர வேண்டும், ஹெபடைட்டிஸ் பி, இரணசன்னித் தடுப்பூசிகளும் உடல் பரிசோதனையும் அளிக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எனவே ஒரு மருத்துவமனையின் தூய்மைப் பிரிவில் ஓராண்டு வேலை பார்ப்பது இப்புறநகர்களில் உள்ளவர்களுக்கு எளிதில் கிடைக்கும் நல்ல பயிற்சியாகும். பணியில் சேரும்போது இவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை.

பயிற்சி இல்லாமையின் விலை

2020 ஏப்ரலில் கோவிட்-19 நோயால் இறந்த நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரியூட்டக் கொண்டுவந்தபோது, நோய் பரவும் என அஞ்சி அப்பகுதியினர் எதிர்த்தனர். உடலைத் திருப்பிக் கொண்டுசென்று வேறிடத்தில் தகனம் செய்ய நேர்ந்தது. அம்மாத இறுதியில், அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் இறுதிச் சடங்கைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. முறைப்படி பொதியப்பட்டு எரியூட்டப்படும் உடலிலிருந்து சுற்றுப்புறத்தாருக்கு நோய் பரவாது. அதை எடுத்துச் சொல்லும் பயிற்சி பெற்றவர் தெருவில் இல்லாதபோது அச்சமே முடிவெடுக்கிறது.

பயிற்சி இல்லாமையின் மற்றொரு விளைவு எதிர்த்திசையில் உள்ளது. அஞ்ச வேண்டிய இடத்தில் அச்சமில்லாமல் போகிறது. மயானத்தில் தூர நின்று அஞ்சும் ஊரே, இரத்தக் கறை படிந்த அறையைக் கழுவ ஒருவரை வெறுங்காலோடு அனுப்புகிறது.

இன்றைய தேவை

மூன்று நடவடிக்கைகள் இந்நிலையைப் பெரிதும் மாற்றும். ஒவ்வொரு மாநகராட்சி மண்டலத்திலும் நகராட்சியிலும் சில தூய்மைப் பணியாளர்களுக்கு மேற்கண்ட பாடங்களில் முறையான பயிற்சியும் தடுப்பூசியும் கூடுதல் ஊதியமும் அளிப்பது முதலாவது. காவல் நிலையத்தில் குற்றக்களம் விடுவிக்கப்படும்போது, யாரை அழைப்பது, எதைத் தொடக்கூடாது என்ற ஒரு பக்கக் குறிப்பைக் குடும்பத்தாரிடம் தருவது இரண்டாவது. வீடுகளில் உண்டாகும் இரத்தம் தோய்ந்த பெருங்கழிவை மஞ்சள் பைக் கழிவாக ஏற்றுக்கொள்ள வழிசெய்வது மூன்றாவது.

ஒருவரை இழந்த வீட்டில், அவருடைய இரத்தத்தை அவருடைய தாயோ பிள்ளையோ துடைக்க நேரக்கூடாது. அதைத் துடைக்க வருபவரும் நோயோடு வீடு திரும்பக்கூடாது. இவ்விரண்டுக்கும் வழி செய்வதே இப்பயிற்சியின் நோக்கமாகும்.